பவானிபூர் தந்த ஸர் அசுதோஷ் முகர்ஜி

கொல்கத்தாவில் உத்தியோகம் பார்த்த நம் அங்கத்தினர்களுக்கு ஹாஜ்ரா சந்திப்பு நன்றாகத் தெரிந்திருக்கும். அதை ஒட்டி நிற்கிறது அசுதோஷ் கல்லூரி. எதிரே ஓடும் சாலைக்கு மகன் சியாமா பிரசாத்தின் பெயர்; சற்று வடக்கே போனால் அதே சாலை தகப்பனார் பெயருக்கு மாறிவிடும்.

சர்க்கார் கணக்குத் துறையிலிருந்த நம் ஸர் சி.வி. ராமனை 1917-ல் பாலித் பேராசிரியராக்கியவர் என்ற அளவில் அசுதோஷ் முகர்ஜியை நாம் அறிவோம். என்னைக் கவர்ந்தது அவர் செய்த வேறொரு காரியம்.

1864-ல் பிறந்தவர், பவானிபூர் டாக்டர் ஒருவரின் பிள்ளை. கல்லூரி மாணவராக இருக்கும்போதே கேம்பிரிட்ஜ் கணித இதழில் கட்டுரை வந்தது. கணிதமே கதி என்றிருந்தவர், சட்டம் படித்து 1904-ல் ஹைகோர்ட் ஜட்ஜ் ஆனார். விட்ட கணிதத்தை யூனிவர்ஸிடியில் பிடித்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன். 1906 முதல் 1914 வரை துணைவேந்தர். தாரகநாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் ஆகியோர் வழங்கிய பணத்தில் 1914-ல் ஸயன்ஸ் காலேஜுக்கு அஸ்திவாரம் போட்டார்.

அங்கே சத்யேந்திரநாத் போஸ், மேகநாத் சாஹா என்ற இரு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, புதிய பௌதிகத்தைப் படித்துச் சொல்லிக்கொடுக்கும்படி பணித்தார். சாஹா ஏழைக் கடைக்காரர் மகன். ஜாதியின் பெயரால் விடுதியில் அவமானப்பட்டவர். அசுதோஷ் பார்த்தது மூளையைத்தான்.

புதிய பௌதிகம் என்றால் என்ன? மெட்ரோவில் 40 கி.மீ. வேகத்தில் போகிறோம்; எதிரே இன்னொரு ரயில் 40-ல் வருகிறது. நம் கண்ணுக்கு அது 80-ல் பறக்கும். நம் பெட்டியில் எதிரே இருப்பவரோ அசையாமல் உட்கார்ந்திருப்பார். இதுவே சார்புத் திசைவேகம். எந்தக் குறிப்பாயத்திலிருந்து பார்க்கிறோமோ அதைப் பொறுத்து வேகம் மாறும். ஒளி மட்டும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. நாம் அதை எதிர்கொண்டு ஓடினாலும் விலகி ஓடினாலும் விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ.தான். அப்படியானால் நீளமும் நேரமும்தான் ஆளுக்கு ஆள் மாற வேண்டும் என்றார் ஐன்ஸ்டைன், 1905-ல்.

மூலம் ஜெர்மன் மொழியில். யுத்த காலத்தில் புஸ்தகம் கிடைப்பதே அரிது. சாஹாவும் போஸும் விடவில்லை. 1905 கட்டுரையைச் சாஹாவும், 1916-ல் வந்த பொதுச் சார்பியலைப் போஸும் இங்கிலீஷில் பெயர்த்தார்கள். மஹலநோபிஸ் முன்னுரையுடன் 1920-ல் கல்கத்தா யூனிவர்ஸிடியே வெளியிட்டது. லண்டன் பதிப்பு வந்தது 1923-ல்!

வீட்டிலும் அவர் துணிந்தவர். பால்ய விதவையான மகளுக்கு 1908-ல் மறுவிவாகம் செய்துவைத்து உற்றார் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார். 1921-ல் மீண்டும் துணைவேந்தரானார். 1923-ல் கவர்னர் லிட்டன் நிபந்தனைகளோடு பதவி நீட்டிப்புத் தர முன்வந்தபோது, யூனிவர்ஸிடியின் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று உதறினார்.

1924 மே 25-ல், ஒரு வழக்குக்காகப் போன பாட்னாவில் காலமானார். பத்து நாள் கழித்து, ஜூன் 4-ல், டாக்காவிலிருந்து போஸ் தம் புதிய கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். கடிதத்தில் தம்மை யாரென்று சொல்ல அவர் நினைவூட்டியது கல்கத்தாவில் செய்த அந்த மொழிபெயர்ப்பைத்தான்.