தாமோதரம்பிள்ளையும் ஏட்டுச் சுவடிகளும்

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டிற் பிறந்த ஸ்ரீ சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள், வட்டுக்கோட்டையிற் கற்று, சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராய் விளங்கினார். பின்னர் அரசாங்கக் கணக்கு நிலையத்திலே உத்தியோகம். அதனிடையே சட்டப் பரீட்சையுந் தேறினார். பகற்பொழுது கணக்குப் புத்தகங்கட்கே உரியதாயிற்று. இத்தகையார் நூலாராய்ச்சியை உபகாரச் சம்பளம் பெறுங் காலத்துக்கென ஒதுக்கிவைத்தல் உலகியல்பே. மாணாக்கர் கொப்பிகளைத் திருத்திக் களைக்கும் உபாத்தியாயராகிய நாமும் அங்ஙனஞ் செய்பவரன்றோ!

ஆனால் ஏடு காத்திராது. செல்லரித்த ஓலைகள் தொட்டவிடத்தே பொடியாயின, பிரதியெடுப்பார் அருகினர், ஒரு சுவடி அழியின் ஒரு நூலே அழியும். இதனையுணர்ந்த பிள்ளையவர்கள் உத்தியோகத்திலிருக்கும்பொழுதே, 1868இல், நாவலரவர்கள் பரிசோதித்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையருரையை வெளியிட்டார். 1881இல் வீரசோழியத்தைப் பதிப்பித்தார். ஊர்ப்பற்றும் விட்டிலர், ஏழாலையிலே வித்தியாசாலையொன்று தாபித்தார்.

1882இல் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபின் வேலை பெருகியதேயன்றிக் குறையவில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும் அச்சேறின. புதுக்கோட்டைச் சமஸ்தானத்து நீதிபதிப் பதவி வந்தபோதும் ஏட்டைக் கைவிட்டாரல்லர்; 1889இற் சூளாமணி வெளிவந்தது. 1901ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதி சிவபதமடைந்தார்.