பெரிய டோ, சின்ன டோ

நம்ம ஹாஸ்டலுக்குப் பின்னால் இருந்த டென்னிஸ் கோர்ட் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இருந்தது ஒரே கோர்ட். சாயங்காலம் மட்டையும் கையுமாக வந்து நிற்பவர்கள் பதினைந்து இருபது பேர். சிங்கிள்ஸ் என்று வாயைத் திறந்தாலே சீனியர்கள் முறைப்பார்கள். நாலு பேராக இறங்கினால்தான் வரிசை நகரும். அப்படித்தான் நான் டபுள்ஸ் ஆட்டக்காரன் ஆனேன். திறமையால் அல்ல, இட நெருக்கடியால். மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது, டபுள்ஸ் என்றதும் எனக்கு நினைவுக்கு வரும் ஒரு மனிதரைப் பற்றியே எழுதிவிடலாம் என்று தோன்றியது. ரெஜினால்ட் டோஹர்ட்டி. இங்கிலாந்துக்காரர். இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

1872 அக்டோபரில் பிறந்தார். பிறந்த ஊரே விம்பிள்டன்! மூன்று வருஷம் கழித்துத் தம்பி லாரன்ஸ் பிறந்தார். அவரை எல்லோரும் கூப்பிட்டது லாரி என்று (சரக்கு லாரியை நினைத்துக்கொள்ள வேண்டாம்). இரண்டு பேரும் படித்தது வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியிலும், பிறகு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி ஹால் கல்லூரியிலும். பல்கலைக்கழகத்துக்காக இருவருமே டென்னிஸ் ஆடினார்கள். அண்ணன் ஆறடிக்கு மேல் உயரம், தம்பி கொஞ்சம் குட்டை. அதனால் பெரிய டோ, சின்ன டோ என்று பட்டப்பெயர். பட்டப்பெயர் வைப்பதில் எந்த நாட்டுக் காலேஜும் சளைத்ததில்லை.

உயரம் இருந்ததே தவிர, பெரிய டோவுக்கு உடம்பில் வலு இல்லை. ஒடிசலான தேகம், தீராத வயிற்றுக் கோளாறு. ஒரு நாள் முழுக்க சுகமாக இருந்தார் என்று சொல்ல முடியாத உடம்பு. அந்த உடம்பை வைத்துக்கொண்டுதான் 1897 முதல் 1900 வரை தொடர்ந்து நாலு வருஷம் விம்பிள்டன் சிங்கிள்ஸ் பட்டத்தை வைத்திருந்தார். அவருடைய பேக்ஹேண்ட் அடியைப் பார்க்கவே கூட்டம் வந்ததாம். அந்தக் கூட்டம் போட்டிக்கும் ரொம்பத் தேவையாக இருந்தது. 1895-ல் விம்பிள்டன் 33 பவுண்டு நஷ்டத்தில் முடிந்திருந்தது. டோஹர்ட்டி சகோதரர்கள் வந்த பிறகுதான் ஜனங்கள் மறுபடி எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இங்கே இளைய மாணவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் போன வருஷ சாம்பியன் முதல் ரவுண்டிலிருந்து ஆட வேண்டியதில்லை. மற்றவர்களெல்லாம் மோதி ஒருவர் மிஞ்சுவார். அவரோடு சாம்பியன் ஒரே ஒரு ஆட்டம் ஆடினால் போதும். 1922-ல்தான் விம்பிள்டனில் இந்த முறையை எடுத்தார்கள். இன்றைக்குப் பார்த்தால் அநியாயமாகத் தெரியும். ஆனால் ரெஜியின் உடம்புக்கு அது தோதாக இருந்தது என்பது என் கணக்கு. 1898-ல் அப்படி மிஞ்சி வந்தவர் யார் தெரியுமா? சொந்தத் தம்பி! ஐந்து செட் போராட்டம், அண்ணன் ஜெயித்தார். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் அரையிறுதியில் மறுபடி அதே நிலைமை. இந்தத் தடவை அண்ணன் ஆடாமலே விலகி வழிவிட்டார். தம்பி தங்கம் வாங்கினார். டபுள்ஸ் தங்கத்தை இருவரும் சேர்ந்து வாங்கினார்கள்.

1901-ல்தான் விஷயம் முற்றியது. உடம்பு சரியில்லாமலே சிங்கிள்ஸ் ஆடப் போய், ஆர்தர் கோரிடம் முதல் செட்டை ஜெயித்து, அடுத்த மூன்றையும் தோற்றார். பட்டம் போனது. ஆனால் அதே விம்பிள்டனில் அமெரிக்காவிலிருந்து டுவைட் டேவிஸும் ஹோல்கோம் வார்டும் டபுள்ஸ் ஆட வந்திருந்தார்கள். டேவிஸ் கோப்பையைக் கொடுத்தாரே, அதே டேவிஸ். சுழன்று எகிறும் சர்வீஸ் போடுவதில் பேர் போன ஜோடி. அவர்களிடம் முதல் செட்டை இழந்த டோஹர்ட்டி சகோதரர்கள் அடுத்த மூன்றையும் எடுத்தார்கள். கடைசி செட் 9-7. தனியாக நின்று தோற்ற அதே மனிதர், பக்கத்தில் தம்பி நின்றதும் ஜெயித்துவிட்டார்.

இன்ஜினியர் புத்தி, சும்மா இருக்காது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிங்கிள்ஸ் கோர்ட்டின் அகலம் 27 அடி. டபுள்ஸில் 36 அடி, ஆனால் அதைக் காக்க இரண்டு பேர். ஆளுக்கு 18 அடி. அதாவது தனியாக ஆடுகிறவன் ஒன்றரை மடங்கு அகலத்தைக் காக்க வேண்டும். ஓடி ஓடிக் களைத்துப்போகிற உடம்புக்கு இந்த 9 அடி சின்ன விஷயமில்லை. டபுள்ஸில் ஓட்டம் குறைவு. பந்தை எங்கே வைப்பது, கூட்டாளி எப்போது முன்னால் போவான் என்கிற கணிப்புதான் அதிகம். ரெஜியிடம் கணிப்பும் கைநேர்த்தியும் தாராளமாக இருந்தன. கால் பலம் வேண்டிய இடத்துக்குத் தம்பி இருந்தார். லாரியின் ஸ்மாஷும் வாலியும் அந்தக் காலத்தில் ரொம்பப் பிரசித்தம்.

1902-ல் தம்பி லாரி, அதே கோரைத் தோற்கடித்துச் சிங்கிள்ஸ் பட்டத்தை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். அப்புறம் 1906 வரை அது அவரிடம்தான் இருந்தது. ஆனால் அந்த 1902-லேயே டபுள்ஸ் கைவிட்டுப் போனது. சிட்னி ஸ்மித், ஃபிராங்க் ரைஸ்லி ஜோடி; ஐந்தாவது செட் 11-9. அண்ணன் தம்பி இருவரும் சும்மா விடவில்லை. 1903-ல் மூன்றே செட்டில் பதிலடி. 1904, 1905-லும் பட்டம் அவர்களிடமே. 1897 முதல் 1901 வரை ஐந்து, பிறகு மூன்று, ஆக எட்டு. விம்பிள்டன் ஆண்கள் டபுள்ஸில் வேறு எந்த ஜோடியும் இதுவரை அந்த எட்டைத் தொடவில்லை.

எனக்குப் பிடித்தது 1903-ல் பாஸ்டனில் நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டம். ரெஜிக்குத் தோளில் பிடிப்பு. முதல் நாள் அவருக்குப் பதில் வேறு ஆளை இறக்கியிருந்தால், அப்புறம் அவர் சிங்கிள்ஸுக்குத் திரும்ப முடியாது. அதனால் கேப்டன் துணிந்து அந்த ஆட்டத்தையே அமெரிக்காவின் லார்னெட்டுக்கு விட்டுக்கொடுத்தார். ஆடாமலே ஒரு புள்ளி நஷ்டம்! லாரி தன் ஆட்டத்தை ஜெயித்துச் சமன் செய்தார். டபுள்ஸில் எதிரே நின்றவர்களும் அண்ணன் தம்பிதான்: ராபர்ட் ரென், ஜார்ஜ் ரென். நாலு செட்டில் டோஹர்ட்டிகள் ஜெயித்தார்கள். கடைசி நாள் ரெஜி வலித்த தோளோடு ஐந்து செட் ஆடி ராபர்ட் ரென்னை வென்றார். லாரியும் ஐந்து செட்டில் லார்னெட்டை வென்றார். கோப்பை முதல் தடவையாக அமெரிக்காவை விட்டுக் கப்பலேறியது. டேவிஸ் கோப்பையில் இருவரும் ஜோடியாக ஆடியது 1902 முதல் 1906 வரை ஐந்து ஆட்டம், ஐந்திலும் வெற்றி.

1906-ல் ஸ்மித்தும் ரைஸ்லியும் மறுபடி விம்பிள்டனில் அவர்களைத் தோற்கடித்தார்கள், இந்தத் தடவையும் ஐந்து செட். அத்தோடு விம்பிள்டனில் அந்த ஜோடியின் காலம் முடிந்தது. லாரி கோல்ஃப் பக்கம் போய்விட்டார். ரெஜிக்குத்தான் விட மனசில்லை போலிருக்கிறது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில், தன்னைவிட எட்டு வயது மூத்த ஜார்ஜ் ஹில்யார்டைச் சேர்த்துக்கொண்டு டபுள்ஸில் இன்னொரு தங்கம் வாங்கினார்.

1910 டிசம்பர் 29-ஆம் தேதி லண்டனில் இறந்தார். வயது 38. இந்த மலரைப் படிக்கிற நம் பேட்ச்காரர்கள் பலருக்கு இப்போது ஏறக்குறைய அந்த வயதுதான். தம்பி லாரி முதல் உலகப்போரில் கடற்படைப் பணிக்குப் போய், உடல்நலம் கெட்டு, 1919-ல் 43 வயதில் காலமானார்.

அவர்கள் ஆடியதெல்லாம் வொர்ப்பிள் ரோட்டில் இருந்த பழைய மைதானத்தில். 1922-ல் போட்டியைச் சர்ச் ரோட்டுக்கு மாற்றினார்கள். 1931-ல், மதகுருவாக இருந்த அவர்களுடைய மூத்த சகோதரர் வில்லியம், அந்தப் புது மைதானத்துக்குத் தம்பிகள் இருவர் நினைவாகவும் இரும்புக் கதவுகள் செய்து கொடுத்தார். டோஹர்ட்டி கேட்ஸ் என்று பெயர்.