காவலும் அறிவே: ஹோமி பாபா

காஞ்சி மாநகர் பேரறிஞர் அண்ணாவை ஈன்ற அதே 1909ஆம் ஆண்டில், அக்டோபர் 30ஆம் நாள், பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா. மகன் டாடா எஃகாலையில் பொறியாளராக வேண்டுமென்பது தந்தையின் விருப்பம். அதற்கெனக் கேம்பிரிட்ஜ் சென்ற இளைஞரின் உள்ளமோ இயற்பியலை நாடியது. பொறியியலில் முதல் வகுப்பில் தேறித் தந்தையின் இசைவைப் பெற்ற பின்னரே தம் மனம் விழைந்த துறையில் இறங்கினார். அண்டக் கதிர்கள் குறித்து 1937இல் ஹைட்லருடன் இணைந்து வகுத்த கோட்பாடு அவருக்கு உலகப் புகழ் தந்தது.

1939இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தவரை உலகப்போர் இங்கேயே நிறுத்தியது. பெங்களூரில் சர் சி.வி. இராமன் பணியாற்றிய இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். 1945இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், 1954இல் டிராம்பே அணுசக்தி நிலையமும் அவர் முயற்சியால் எழுந்தன. 1956 ஆகஸ்டு 4ஆம் நாள் அங்கே அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது.

டிராம்பேயில் உருவான கதிரியக்க ஐசோடோப்புகள் மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் செல்லலாயின. அவை அளவில் சிறியவை. கதிரோ கண்ணுக்குப் புலப்படாது, மணமும் இல்லாதது. சிறிதென்பதாலேயே அசட்டை பிறக்கும். வெறுங்கையால் ரேடியத்தைக் கையாண்ட மேரி கியூரி அம்மையார், எலும்பு மச்சை நலிந்து 1934இல் மறைந்ததை அறிவியல் உலகம் அறியும். இதனை உணர்ந்த பாபா, 1960இல் ஓர் ஆணை பிறப்பித்தார். பணியாளர்க்கோ பிறர்க்கோ தீங்கு நேராதிருத்தல் மட்டும் போதாது. நாட்டின் ஏனைய நிறுவனங்கள் பின்பற்றத்தக்க முன்மாதிரியாகவும் டிராம்பே விளங்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

அக்காவலின் அடிப்படை மூன்று: கதிரருகே நிற்கும் நேரத்தைக் குறைத்தல், தொலைவைக் கூட்டுதல், இடையே தடுப்பு அமைத்தல். சிறுபொருள் ஒன்றிலிருந்து இருமடங்கு விலகினால் அதன் கதிர்வீச்சு நான்கில் ஒரு பங்காகும். உடலுக்குள் புகும் துகளுக்கோ இம்மூன்றும் பயன்படா. ஆதலின் ஆய்வகத்தில் உண்ணுதலும் பருகுதலும் கூடா. திரவத்தைக் குழாயில் வாயால் உறிஞ்சுதல் அறவே தகாது. கையுறை அணிந்து, உறிஞ்சுதாள் விரித்த தட்டின்மீதே பணிபுரிதல் வேண்டும். முடிவில் கைகளையும் மேசையையும் கருவியால் சோதித்தல் வேண்டும். கோர்வையில் ஓரிழை பிசகினாலும் சேலை முழுவதும் காட்டிக்கொடுக்கும் என்பதைக் காஞ்சி நெசவாளர்க்கு யாரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. நெசவில் பிழை கண்ணில் படும். இங்கோ அது ஆண்டுகள் கழிந்தே நோயாய் வெளிப்படக்கூடும்.

1966 சனவரி 24ஆம் நாள், ஆல்ப்சு மலையில் விமானம் மோதிப் பாபா மறைந்தார். அவர் வித்திட்ட நெறி 1983இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமாகக் கிளைத்தது. அண்ணாவின் பெயர் தாங்கிய புற்றுநோய் மருத்துவமனை காஞ்சியை அடுத்த காரைப்பேட்டையில் உள்ளது. அத்தகைய மருத்துவமனைகளில் கதிர்ச் சிகிச்சை அளிப்போர், தம்மீது பட்ட கதிரை அளக்கும் சிறு வில்லையொன்றை மார்பில் அணிகின்றனர். பாபாவின் நினைவுச் சின்னமாக அணு உலைகளையே பலரும் சுட்டுவர். பெயரறியாத பணியாளர் ஒருவரின் உயிரைக் காக்கும் அச்சிறு வில்லையும் அவர்தம் நினைவுச் சின்னமே.