படச்சுருள் தேடிய தமிழர்

கடல் கடந்து சென்று பொருள் ஈட்டுதல் செட்டிநாட்டு நகரத்தார்க்குப் பழைய வழக்கம். பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் அவர்கள் கொண்டுவிற்றலும் வட்டித்தொழிலும் நடத்திப் பெருஞ்செல்வம் சேர்த்தனர். அக்குடியில் தோன்றிய இளைஞர் ஒருவரும் கடல் கடந்தார். ஆனால் அவர் தேடிச் சென்றது பொருளன்று, கல்வி. அதுவும் அந்நாளில் பெரியோர் பலர் கல்வியென்றே எண்ணாத கல்வி. படம் பிடிக்கும் கலையைக் கல்லூரியில் முறையாகப் பயில வேண்டும் என்பதே அவர் விழைவு. அவரே ஏ. கே. செட்டியார் எனத் தமிழுலகம் அறிந்த அ. கருப்பன் செட்டியார் ஆவார்.

அவர் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1911-ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே எழுத்தில் நாட்டம் மிக்கவராய் விளங்கினார். பர்மா நாட்டின் இரங்கூன் நகரிலிருந்து நகரத்தார்க்கென வெளிவந்த தனவணிகன் என்னும் இதழின் ஆசிரியர் பொறுப்பு, இருபது வயதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே அவரிடம் வந்து சேர்ந்தது. இதழாசிரியராக இருந்து, இருந்த இடத்திலேயே புகழ் பெற்றிருக்கலாம். அவர் மனம் அதில் அமைதி கொள்ளவில்லை.

அக்காலத்தில் நம் நாட்டில் திரைப்படக் கலை எந்நிலையில் இருந்தது என்பதை அறிந்தால்தான் அவர் துணிவின் அருமை விளங்கும். தமிழில் முதற் பேசும்படம் வெளிவந்தது 1931-ஆம் ஆண்டில். படம் எடுப்பதற்கு வேண்டிய கருவிகள் அயல்நாடுகளிலிருந்து வந்தன. அவற்றை இயக்கவல்லார் சிலரே. அக்கலையைக் கற்பிக்கும் கல்லூரி ஒன்றும் தமிழகத்தில் அன்று இல்லை. கற்க விரும்பியவர் தேர்ந்த ஒருவரிடம் கையாளாக அமர்ந்து, கண்ணால் கண்டும் கையால் பழகியுமே கற்றுக்கொண்டனர். தமிழகத்தின் முதல் ஊமைப்படத்தை எடுத்த நடராச முதலியாரும் பூனாவிற்குச் சென்று ஓர் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் நேரில் பழகியே அத்தொழிலை அறிந்தார். சென்னையில் திரைப்படத் தொழில்நுட்ப வகுப்பு தோன்றியது 1940களின் இடைப்பகுதியில். பூனாவில் அரசினர் திரைப்படக் கல்லூரி அமைந்தது 1960-ஆம் ஆண்டில். தொலைக்காட்சிப் பயிற்சி அதற்கும் பின்னரே சேர்ந்தது. இன்று ஒரு மாணவர் விண்ணப்பம் எழுதிக் கல்லூரியில் சேர்ந்து பயிலக்கூடிய பாடத்திற்காக, அன்று ஒருவர் நாடு விட்டு நாடு செல்ல வேண்டியிருந்தது.

செட்டியார் 1935-ஆம் ஆண்டில் சப்பான் நாட்டிற்குச் சென்று, டோக்கியோ நகரிலிருந்த புகைப்படக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தார். மொழி புதிது, உணவு புதிது, குளிர் புதிது. பாடமும் எளிதன்று. ஒளியை அளந்தறிதல், ஆடியின் இயல்பு உணர்தல், பிலிமை இருட்டறையில் மருந்துநீரில் இட்டுக் கழுவுதல், கழுவியதைத் தாளில் பதித்தல் என ஒன்றன்மேல் ஒன்றாகக் கற்க வேண்டியவை பல. நொடிப்பொழுது கவனம் தவறினும் எடுத்த படம் கருகிவிடும் அல்லது வெளுத்துவிடும். பொறுமையில்லார்க்கு இருட்டறையில் இடமில்லை. அந்நாட்டில் தாம் கண்டவற்றைச் செட்டியார் எளிய தமிழில் கட்டுரைகளாகவும் எழுதினார். தமிழில் பயண நூல் என்னும் துறை தழைத்தற்கு அவர் எழுத்துப் பெருந்துணை புரிந்தது.

சப்பானில் கற்றது போதும் என்று அவர் ஊர் திரும்பவில்லை. அங்கிருந்து அமெரிக்காவிற்குச் சென்று, நியூயார்க்கு நகரில் மீண்டும் மாணவரானார். புகைப்படக் கலையில் ஓராண்டுப் பட்டயப் படிப்பை அங்கே முடித்தார். செய்திப்படங்களும் ஆவணப்படங்களும் மேலைநாடுகளில் மக்களிடையே பெரிதும் பரவிவந்த காலம் அது. கதையும் பாட்டும் கூத்தும் இல்லாமல், உலகில் உண்மையாக நிகழ்ந்தவற்றையே படமாகக் கோத்து மக்கள் முன் வைக்கலாம் என்பது நம் நாட்டார்க்கு இன்னும் பழகாத செய்தி.

1937-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள். செட்டியார் சமாரியா என்னும் கப்பலில் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் டப்ளின் நகரை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். அன்று காந்தியடிகள் பிறந்த நாள். அடிகளுக்கு அறுபத்தெட்டு அகவை நிறைந்தது. அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. அடிகளைப் பற்றிய படச்சுருள்கள் உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றனவே. அவற்றையெல்லாம் தேடித் தொகுத்து, அவர் வாழ்க்கையை ஒரே படமாக்கினால் என்ன? அப்போது செட்டியாருக்கு இருபத்தாறு வயதுகூட நிரம்பவில்லை. கையில் பெரும்பொருள் இல்லை. பின்னே நின்று தாங்கும் நிறுவனம் இல்லை. தாம் கற்ற கலை ஒன்றே இருந்தது.

இவ்வேலையின் கடுமையைச் சிறிது நினைத்துப் பார்க்க வேண்டும். உயிரோடிருக்கும் ஒருவரை நிறுத்திப் படம் பிடித்தல் எளிது. ஆனால் காந்தியடிகள் படக்கருவியின் முன் நடிக்க இசைபவர் அல்லர். அன்றியும் 1930-ஆம் ஆண்டில் தண்டிக் கடற்கரைக்கு அவர் நடந்த நடையையும், 1931-ஆம் ஆண்டில் வட்டமேசை மாநாட்டிற்காக இலண்டன் சென்ற காட்சியையும் மீண்டும் எடுக்க எவராலும் இயலாது. அன்றன்று அங்கங்கே இருந்த ஒளிப்பதிவாளர்கள் எடுத்தவையே உண்டு. அவற்றுள் பல அயல்நாட்டுச் செய்திப்பட நிறுவனங்களின் பெட்டகங்களில் கிடந்தன. சில தனியார் வீடுகளில் தகரப்பெட்டிக்குள் கிடந்தன. எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் எங்குமே ஒருங்கே இல்லை.

வேறோர் இடரும் இருந்தது. அக்காலத்துப் பிலிம் எளிதில் தீப்பற்றும் இயல்புடையது. தீக்குத் தப்பினாலும், வெப்பமும் ஈரமும் பட்டால் நாளடைவில் பிசுபிசுத்து, பின் பொடியாய் உதிர்ந்துவிடும். ஓலைச்சுவடியைச் செல்லரிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகம் இல்லை. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராய்ச் சென்று ஏடுகளைத் தேடியதைத் தமிழர் அறிவர். பிலிம் ஏட்டினும் விரைவில் அழிவது. ஆகவே, தேடுபவர் காலம் தாழ்த்தினால் தேடப்படும் பொருளே இராது.

செட்டியார் காலம் தாழ்த்தவில்லை. ஐரோப்பிய நாடுகளுக்கும், அடிகள் அறப்போரை முதன்முதல் தொடங்கிய தென்னாப்பிரிக்காவிற்கும் சென்றார். இந்திய நாட்டிலும் பல திசைகளில் அலைந்தார். அந்நாளில் வானூர்திப் பயணம் இன்றுபோல் எளிதன்று. பெரும்பாலும் கப்பலும் புகைவண்டியுமே துணை. மூன்றாண்டுக் காலத்தில் அவர் சென்ற வழி ஏறத்தாழ ஒரு இலட்சம் மைல். நிலவுலகை நான்கு முறை வலம் வந்த தொலைவு அது. நண்பர்களின் பொருளுதவியும், இப்பணிக்கென அமைந்த நிறுவனமும் அவருக்குக் கைகொடுத்தன. 1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டபின், ஐரோப்பாவில் இத்தகைய தேட்டம் எவர்க்கும் இயலாததாயிற்று. ஒருசில ஆண்டுகள் பின்னர் இவ்வெண்ணம் பிறந்திருந்தால், குண்டுக்கும் தீக்கும் இரையாகாமல் எத்தனை சுருள்கள் எஞ்சியிருக்கும் என்பது ஐயமே.

அவர் திரட்டிய பிலிம் ஏறத்தாழ 50,000 அடி. அதன் அளவைக் கடலூர் மாவட்டத்து மாணவர் எளிதில் உணரலாம். அச்சுருளின் ஒரு முனையைக் கம்மாபுரத்தில் பிடித்துக்கொண்டு சாலைவழியே விரித்துச் சென்றால், மறுமுனை ஏறத்தாழ விருத்தாசலத்தை எட்டிவிடும். பேசும் படக்கருவியில் ஒரு நிமிடத்திற்கு 90 அடி பிலிம் ஓடும். ஆகவே அவ்வளவையும் ஓட்டிக் காண ஒன்பது மணி நேரத்திற்கு மேலாகும். அவ்வளவையும் மக்களுக்குக் காட்ட இயலுமா? எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தேர்தலே அடுத்த வேலையாயிற்று. தேடிப் பெற்றவனுக்குத் தள்ளுதல் மிகவும் துன்பம் தரும். ஆயினும் செட்டியார் தேர்ந்து, வெட்டி, ஒட்டி, ஏறத்தாழ 12,000 அடியாக அதனைச் சுருக்கினார். இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாக ஓடும் படம் உருவாயிற்று.

ஊமைப்படக் காலத்தில் பிடித்த சுருளைப் பேசும்படத்தோடு சேர்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஊமைப்படம் நொடிக்குப் பதினாறு படம் என்னும் அளவை ஒட்டிப் பிடிக்கப்பட்டது. பேசும்படமோ நொடிக்கு இருபத்து நான்கு. பழைய சுருளை அப்படியே புதிய கருவியில் ஓட்டினால், மெல்ல நடந்தவர்கள் துள்ளி ஓடுவதுபோல் தோன்றுவர். பெரியோரின் ஊர்வலமும் நகைப்பிற்கிடமாகிவிடும். இத்தகைய நுட்பங்களை அறியாதவர், அன்பு ஒன்றையே துணையாகக் கொண்டு இவ்வேலையில் இறங்கியிருந்தால் இடையிலேயே நின்றிருப்பர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் கழிந்த மாணவ வாழ்க்கை செட்டியாருக்கு உதவியது இவ்விடத்தில்தான்.

தமிழ் விளக்கவுரையுடன் கூடிய அப்படம் 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சென்னையில் வெளிவந்தது. காந்தியடிகளின் வாழ்க்கையை முழுநீளப் படமாகக் கூறும் முயற்சி முதன்முதல் தமிழில் நிறைவேறியது என்பது தமிழர்க்குப் பெருமை தருவதாகும். பின்னர்த் தெலுங்கிலும் அது வந்தது. ஆனால் அது வெளிவந்த வேளையோ கடுமையானது. மாகாணங்களில் காங்கிரசு அமைச்சர்கள் பதவி துறந்து ஓராண்டும் ஆகவில்லை. ஆங்கில அரசு போரில் முனைந்திருந்தது. காந்தியடிகளின் உருவத்தைத் திரையில் காட்டுவதே அரசினரின் சினத்திற்குரிய செயலாக மாறிவந்தது. 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டுப் போராட்டம் எழுந்தபின் நாட்டில் அடக்குமுறை மிகுந்தது. மூன்றாண்டு உழைப்பு முழுவதும் சில தகரப்பெட்டிகளுக்குள் இருந்தது. அப்பெட்டிகள் அரசினர் கையில் சிக்கினால் யாவும் வீண். ஆகவே படம் மக்கள் பார்வையிலிருந்து விலகியது. சுருள்கள் மறைவாகக் காக்கப்பட்டன.

1947-ஆம் ஆண்டு ஆகஸ்டில், நாடு விடுதலை பெற்ற நாட்களில், அப்படம் டில்லியில் காட்டப்பெற்றது. அடுத்த ஆண்டு சனவரித் திங்களில் காந்தியடிகள் மறைந்தார். அதன்பின் அடிகள் நடப்பதையும் நகைப்பதையும் காண விரும்புவார்க்கு அவர் உயிரோடிருந்தபோது எடுத்த சுருள்களே எஞ்சின. செட்டியார் மீண்டும் அமெரிக்கா சென்று, ஹாலிவுட்டில் ஆங்கில வடிவம் ஒன்றை அமைத்தார். அது 1953-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இவ்வளவும் செய்தவர், திரைப்படத்துறையிலேயே நிலைத்துப் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம் என்று பலருக்கும் தோன்றும். அவர் அவ்வாறு செய்யவில்லை. 1943-ஆம் ஆண்டில் குமரி மலர் என்னும் திங்களிதழைத் தொடங்கி, இறுதிவரை அதன் ஆசிரியராக இருந்தார். அவ்விதழிலும் அவருடைய பழைய குணம் மாறவில்லை. மறக்கப்பட்ட பழைய இதழ்களையும் அரிய கட்டுரைகளையும் தேடியெடுத்து மறுபடியும் அச்சிட்டார். முன்னோர் எழுதிய தமிழ்நாட்டுப் பயணக் கட்டுரைகளைத் தேடித் தனி நூலாகவும் தொகுத்தார். முன்பு தேடியது பிலிம். பின்பு தேடியது தாள். இரண்டும் மக்கிப்போகும் பொருள்களே. உலகம் சுற்றும் தமிழன் என்னும் நூலால் அப்பெயரே அவருக்கும் சிறப்புப் பெயராய் அமைந்தது. எனினும் அவர் பயண நூல்களில் அவரைக் காண்பது அரிது. கண்ட நாடும் மக்களுமே அங்கு இருப்பர்.

செட்டியார் 1983-ஆம் ஆண்டில் காலமானார். அவர் எடுத்த படம் அதற்கு முன்னரே மக்கள் நினைவிலிருந்து மங்கியிருந்தது. பிரதி எங்கே உள்ளது என்று சொல்வாரும் அரியராயினர். உலகெங்கும் சிதறியவற்றைத் தேடித் தொகுத்தவரின் படத்தையே பிறர் தேட வேண்டியதாயிற்று. இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் முயற்சியால் அதன் சுருக்கமான ஆங்கில வடிவம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருப்பது தெரியவந்தது. சென்னையில் முதன்முதல் காட்டிய 12,000 அடித் தமிழ்ப்படத்தின் முழு வடிவம் அப்போது கிட்டவில்லை.