பாரமகாலில் மன்றோ

வரி புலவர்க்குப் புதிய பொருளன்று. பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரிகொள்ளும் நெறியைப் பாட்டால் உணர்த்தியவர் பிசிராந்தையார். ஆகவே, கம்பைநல்லூரும் தருமபுரியும் அடங்கிய பாரமகால் நாட்டில் ஏழாண்டுகள் நிலவரி வகுத்த தாமஸ் மன்றோவின் வரலாறு ஓர் இலக்கிய மலரில் இடம்பெறுவது பொருத்தமே. அவர் வாழ்வைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். ஐரோப்பிய அரசுகள் தமக்குள் கொண்ட பகையும் உடன்படிக்கையும், அவற்றுக்கு வேண்டிய பொருள்தேட்டமும் அதியமான் ஆண்ட தகடூர் மண்ணின் களத்துமேடு வரை வந்து எட்டின. மன்றோவின் சொந்த வாழ்வும் அவற்றால் திசைமாறியதே.

1761ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அவர் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் மன்றோ, அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வாணிகம் செய்தவர். அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தை எதிர்த்து எழுந்த விடுதலைப் போரில் அவ்வாணிகம் அழிந்தது. வளமான குடும்பம் நொடித்தது. பல்கலைக்கழகத்தில் கணிதமும் வேதியியலும் பயின்றவர், செர்வாண்டிஸின் பெருங்கதையை மூலத்திலேயே படிக்க விரும்பித் தாமாகவே ஸ்பானிய மொழி கற்றவர், அந்த இளைஞர். பிழைப்பு நாடிக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து, 1780 சனவரியில் சென்னைக் கரையில் இறங்கினார்.

வந்து ஓராண்டு நிறையுமுன் இங்கும் போர் மூண்டது. அதன் வேரும் அமெரிக்கப் போரிலேயே இருந்தது. 1778இல் பிரான்சு அமெரிக்கர் பக்கம் சேர்ந்தவுடன், ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியைக் கைப்பற்றினர். மறு ஆண்டு மாகியையும் பிடித்தனர். தம் பாதுகாப்பில் இருந்த துறைமுகம் பறிபோனதை ஐதர் அலி பொறுத்திலர். 1780இல் கருநாடகத்தின்மீது பெரும்படையோடு பாய்ந்தார். பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தபோது, உதவாது பின்வாங்கிய மற்றொரு படையில் மன்றோ இருந்தார். 1783 சூனில் கடலூரில் பிரெஞ்சுப் படையோடு நடந்த கடும்போரிலும் அவர் பங்கு உண்டு. அப்போரை முடித்தது வாளன்று; ஐரோப்பாவில் அமைதி பேசியாயிற்று என்று கப்பலில் வந்த செய்தி. அச்செய்தி வருமுன் இரு பக்கமும் மாண்டவர் பலர்.

மூன்றாம் மைசூர்ப் போரின்போது பிரான்சு தன் புரட்சியில் மூழ்கிக் கிடந்தது. திப்பு சுல்தானுக்கு அங்கிருந்து துணை வரவில்லை. அமெரிக்காவில் யார்க்டவுனில் சரணடைந்த அதே காரன்வாலிஸ், 1792இல் சீரங்கப்பட்டினத்தில் வென்றவராய் உடன்படிக்கை எழுதினார். திப்பு தம் நாட்டில் பாதியையும், 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் இழந்தார். சேலமும் பாரமகாலும் கம்பெனிக்கு ஆயின.

இந்நாட்டை ஆள, மக்கள் மொழி அறிந்த படை அலுவலரையே காரன்வாலிஸ் தேர்ந்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு தலைவர். மன்றோ, கிரகாம், மெக்ளியாட் துணைவர். மன்றோ தருமபுரியில் தங்கினார். அங்கே ஒரு தோட்டமும் வளர்த்தார். ஊர்தோறும் சென்று, நன்செய், புன்செய், தோட்டம் எனப் பிரித்து நிலம் அளக்கப்பட்டது. இடைத்தரகரை விலக்கி, உழவரோடு நேரே வரி பேசும் முறை படிப்படியாக உருக்கொண்டது. பின்னாளில் இரயத்துவாரி எனப் பெயர் பெற்றது இதுவே. அதன் மூலவர் ரீடு எனினும், புகழ் மன்றோவையே சேர்ந்தது.

முறை நன்று, வரியின் அளவோ கடுமை. கம்பெனிக்குப் போர்ச்செலவு ஒருபுறம். ஐரோப்பாவுக்கு அனுப்பும் துணிகளை வாங்க முதல் மறுபுறம். இரண்டுக்கும் நிலமே ஊற்று. 1793இல் மீண்டும் பிரான்சோடு போர் தொடங்கிய பின் அச்சுமை எளிதில் குறையவில்லை. 1798இல் நெப்போலியன் எகிப்தில் இறங்க, பிரெஞ்சு உறவு நாடிய திப்புவை வெல்லசுலி விரைந்து தாக்கினார். 1799 மே 4இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. மன்றோவும் பாரமகாலை விட்டு, மனமின்றியே, கன்னடக் கடற்கரைக்குச் சென்றார்.

அவர் நீங்கியபின் நேர்ந்தது வருந்தத்தக்கது. வங்காளத்து முறையைப் பின்பற்றி, பாரமகால் நிலங்கள் மிட்டாக்களாகப் பிரித்து ஏலத்தில் விற்கப்பட்டன. மிட்டாதாரர் பலர் வரி கட்ட மாட்டாமல் வீழ்ந்தனர். ஏழாண்டு உழைப்பில் உழவரோடு செய்த ஒப்பந்தங்கள் பயனற்றுப் போயின.

1800 முதல் 1807 வரை மன்றோ, நிசாம் அளித்த கடப்பை, பல்லாரிப் பகுதிகளை ஆண்டார். அங்கே விளைவில் ஏறத்தாழ நூற்றுக்கு 45 பங்கு அரசுக்குப் போவதைக் கணக்கிட்டு, மூன்றில் ஒரு பங்கே தகுமென்று கண்டு, வரியில் கால்பகுதியைக் குறைக்க எழுதினார். அரசு இசையவில்லை. கொடுமை கண்டு கூறிய அவரே, கூறும்வரை அதனை வாங்கியும் வந்தார் என்பதை மறைத்தல் ஆகாது.

நெப்போலியன் ஐரோப்பியத் துறைகளை ஆங்கிலப் பண்டங்களுக்கு மூடியபோது, அந்நாட்டு ஆலைக்காரர் இந்தியச் சந்தையைத் திறக்கக் கோரினர். 1813இல் நாடாளுமன்றத்தின்முன் சாட்சி சொன்ன மன்றோ, இந்தியர் தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொள்வர், ஆங்கிலப் பொருளுக்கு இங்கே பெருவிற்பனை இராது என்று கருதினார். இந்தியரின் வேளாண்மையையும் கைத்தொழிலையும் அங்கே உயர்த்தியும் பேசினார். கம்பெனியின் இந்திய வாணிகத் தனியுரிமை அவ்வாண்டே நீங்கியது. அவர் கணிப்பு பொய்த்தது. விசைத்தறித் துணி வந்து குவிந்தது. தமிழகத்து நெசவாளர் அதன் விலையைக் கொடுத்தனர்.

1820இல் அவர் சென்னை ஆளுநரானார். முன்பு மறுக்கப்பட்ட கால்பகுதிக் குறைப்பு, அவர் ஆட்சியில் நடைமுறைக்கு வந்தது. பதின்மூன்றாண்டுக் காத்திருப்பு அது. உயர் பதவிகளில் இந்தியர் அமரவேண்டும் என்று 1824இல் அவர் எழுதிய குறிப்பு, அக்காலத்து ஆங்கிலேயர் பலர்க்கும் கசந்திருக்கும். பதவி விலக விரும்பியவரைப் பர்மியப் போர் நிறுத்திவைத்தது. தாயகம் திரும்பும் நாள் நெருங்கியபோது, பழைய மாவட்டங்களைப் பார்க்கப் புறப்பட்டார். 1827 சூலை 6ஆம் நாள் கர்னூலை அடுத்த பத்திக்கொண்டாவில் வாந்திபேதி அவரைக் கொண்டது.

சென்னைத் தீவுத்திடலில் குதிரைமேல் அமர்ந்த அவர் சிலை 1839இல் நிறுவப்பட்டது. சிற்பி சாண்ட்ரி, அங்கவடி இல்லாத சிலை என்று பார்ப்போர் வியப்பர். இராயலசீமைக் குடிகள் வேறு வழியில் நினைவு கூர்ந்தனர்: தம் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயரிட்டனர்.