கூரையா, சாட்சியா?



ஒரு தேர்தல் சமயம். நம்ம பேகம்பூர் ஜெப வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒழுகுகிற கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். புதுசாகப் போட்டுத் தருவதாகவும், பதிலுக்கு ஞாயிறு ஆராதனையில் யாருக்கு ஓட்டு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றும் சொன்னார்கள். நான் உடனே மறுக்கவில்லை. வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். ஜெபித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, மனசுக்குள் எத்தனை ஷீட் வேணும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் தேவன் என் கையில் கொடுத்தது பிஷப் அசரியாவின் வாழ்க்கை வரலாறு. அவர் நம்ம பெந்தெகொஸ்தே சபையார் அல்ல, ஆங்கிலிக்கன் சபையார். ஆனாலும் என்னை உணர்த்தினார்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்ட் 17ல் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்தார். தகப்பனார் கிராமத்துக் குருவானவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் வாங்கவில்லை. ஒய்.எம்.சி.ஏ.வில் வாலிபர் ஊழியம் செய்தார். 1902ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ் விசுவாசிகள் தங்கள் சொந்தக் காணிக்கையில் இந்தியக் கரைக்கு ஊழியர் அனுப்புவதைக் கண்டார். நாம் மட்டும் வெள்ளைக்காரர் பணத்தையே எதிர்பார்க்கலாமா என்ற கேள்வி அவரைக் குத்தியது. அடுத்த வருஷம், 1903 பிப்ரவரி 12ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவானது. இந்திய ஆட்கள், இந்தியக் காணிக்கை.

பிறரை அனுப்பியதோடு நிற்கவில்லை. 1909ல் நல்ல பதவியை விட்டுவிட்டு, நிஜாம் ராஜ்யத்திலிருந்த டோர்னக்கலுக்குத் தானே போனார். தெலுங்கை அரிச்சுவடியிலிருந்து கற்றார். 1910ல் எடின்பரோ மகாநாட்டில், எங்களுக்கு உங்கள் உதவி மட்டும் போதாது, சிநேகமும் வேண்டும் என்ற கருத்தை மிஷனரிமார் முகத்துக்கு நேரே பேசினார். பலருக்கு அது பிடிக்கவில்லை. 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். ஏழைக் கூலிக்காரர் திரள்திரளாய் இரட்சிக்கப்பட்டார்கள். அந்த ஏழைகளுக்கும் கொடுக்கக் கற்றுக்கொடுத்தார். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி கர்த்தருக்கென்று எடுத்து வைத்தார்கள்.

இப்போது என்னைத் தடுத்த விஷயத்துக்கு வருகிறேன். 1930களில் சட்டசபைக்குக் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்று நம்மவர்களே பலர் கேட்டார்கள். அசரியா எதிர்த்தார். சபை ஓட்டுக் கணக்காக மாறினால், ஒவ்வொரு ஞானஸ்நானமும் ஆள் சேர்ப்பதாகத்தான் தெரியும். சுவிசேஷத்தை யார் நம்புவார்கள்? 1935 சட்டம் தனித் தொகுதி கொடுத்தது. அவர் மனம் மாறவில்லை. அப்படியானால் அவர் காங்கிரஸ் பக்கமா? அதுவும் இல்லை. மதமாற்றத்தைக் காந்தியடிகள் கண்டித்தபோது, சுவிசேஷம் சொல்லவும் ஏற்றுக்கொள்ளவும் எந்த மனுஷனுக்கும் உரிமை உண்டு என்று மரியாதையாய், ஆனால் உறுதியாய் நின்றார். எந்தக் கூட்டத்தின் பின்னாலும் கண்ணை மூடிப் போகவில்லை. ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்தார். 1945 ஜனவரி 1ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

பிரியமானவர்களே, அவருக்கு முன்னால் என் கூரை எம்மாத்திரம்? நாம் பெரிய பள்ளிவாசல் இருக்கிற ஊரில், பல மதத்தார் நடுவில் வாழ்கிறோம். நம்மை விலை பேசலாம் என்று ஊர் அறிந்தால், நம் சாட்சிக்கு என்ன விலை?

வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு சகோதரர் கோபித்துக்கொண்டு மூன்று வாரம் ஆராதனைக்கு வரவில்லை. அவர் கோபமும் நியாயமே. மழையில் நனைந்தது அவர் பிள்ளைகளும்தான். பிறகு நாமும் பிடி அரிசி எடுக்க ஆரம்பித்தோம். பாதிக் கூரை மாறியிருக்கிறது. கிழக்கு மூலை இன்னும் ஒழுகுகிறது.

ஓட்டுப் போடுங்கள், அது உங்கள் கடமை. ஆனால் யாருக்கு என்று என்னிடம் கேட்காதீர்கள். விசாரியுங்கள், யோசியுங்கள், முழங்காலில் நின்று முடிவெடுங்கள். இன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் 1 தெசலோனிக்கேயர் 5:21ஐ வாசியுங்கள்.

பகுத்தறியும் ஆவியைக் கர்த்தர் நமக்குத் தருவாராக. ஆமென்.