கள்ளுக்கடை வாசலில் நாகம்மையார்

அயர்லாந்து நாட்டு ஊர்களில் “பப்” என்று ஒரு கடை உண்டு. மது விற்கும் கடைதான். ஆனால் அங்கே பாட்டு உண்டு, பிடில் உண்டு, ஊர்க்கதை உண்டு. வெளியூர்க்காரர்கள்கூடத் தேடிப் போய்ப் பார்ப்பார்கள்.

நம் ஊர்க் கள்ளுக்கடைக்கு அந்தப் பெருமை வாய்க்கவில்லை. மயிலாடும்பாறை ஆனாலும் சரி, ஈரோடு ஆனாலும் சரி, பகலெல்லாம் உழைத்த கூலி அந்தக் கடையில் கரைந்தால் இரவில் அடுப்பு எரியாது. அந்த வேதனை வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும்.

ஈரோட்டில் ஒரு பெண்மணி கடை வாசலுக்கே வந்து நின்றார். அவர்தான் நாகம்மையார், பெரியார் ஈ.வெ.ராமசாமியின் மனைவி.

13 வயதில் கல்யாணம்

சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் 1885-ம் ஆண்டு பிறந்தவர் நாகம்மையார். 1898-ல் கல்யாணம். பெண்ணுக்கு 13 வயது, மாப்பிள்ளைக்கு 19. ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஐந்தே மாதத்தில் இறந்துவிட்டது. பிறகு குழந்தையே இல்லை.

கணவரோ பெரிய வியாபாரி. வீட்டுக்கு எந்த நேரமும் ஆள் வரும். வந்தவர்களுக்கு எல்லாம் அலுக்காமல் சோறு போட்டார் அம்மையார். கணவர் காங்கிரசில் சேர்ந்ததும் இவரும் கதர் கட்டினார்.

தென்னைகள் சாய்ந்தன

1921-ம் ஆண்டு. கள்ளுக்கடைகளை மறியல் செய்யும்படி காந்தியடிகள் சொன்னார். அப்போது கள்ளுக்கடைகளைச் சர்க்காரே ஏலம் விட்டது. அதில் நல்ல வருமானம். கடையை மூடச் சர்க்காருக்கு மனம் வருமா?

தென்னம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் கள் இறங்கும். மரம் இருந்தால்தானே கள்? தாதம்பட்டித் தோப்பில் தமக்குச் சொந்தமான 500 தென்னை மரங்களைப் பெரியார் வெட்டிச் சாய்த்தார். காய்க்கிற மரத்தை வெட்ட யாருக்குத்தான் கை வரும்!

ஈரோட்டில் மறியல் மும்முரமாக நடந்தது. சர்க்கார் 144 தடை உத்தரவு போட்டது. மீறிய பெரியாருக்கு ஒரு மாதம் ஜெயில். தலைவர் உள்ளே போய்விட்டார். இனி மறியல் ஓய்ந்துவிடும் என்று அதிகாரிகள் நினைத்தார்கள்.

ஓயவில்லை. நாகம்மையார் புறப்பட்டார். பெரியாரின் தங்கை கண்ணம்மாளும் கூடப் போனார். பின்னால் பெண்கள் திரண்டார்கள். தெருவுக்கு வந்தறியாத குடும்பப் பெண்கள் அவர்கள்! இவர்களைக் கைது செய்தால் ஊரே கொதித்து எழும் என்று அதிகாரிகள் பயந்தார்கள். தடை உத்தரவு வாபஸ் ஆயிற்று.

மறியலை நிறுத்தும்படி சிலர் காந்தியடிகளிடம் பேசினார்கள். அது தம் கையில் இல்லை, ஈரோட்டில் உள்ள இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று அவர் சொல்லி அனுப்பியதாகக் கூறுவார்கள்.

வைக்கம்

மலையாள நாட்டு வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் நடக்கக்கூடாது என்று தடை இருந்தது. 1924-ல் அங்கே நடந்த சத்தியாக்கிரகத்துக்கும் அம்மையார் போனார். பெண்களைத் திரட்டினார். கணவர் ஐரோப்பா போயிருந்தபோது “குடி அரசு” பத்திரிகை வேலைகளையும் கவனித்துக்கொண்டார்.

1933 மே 11-ந் தேதி ஈரோட்டில் காலமானார். வயது 48. யாரும் அழக்கூடாது என்று சொல்லிவிட்டார் பெரியார். அடக்கம் முடிந்ததும் திருச்சிக்கு ரயில் ஏறினார். அங்கே 144 தடையை மீறி ஒரு கல்யாணத்தை நடத்திவைத்தார்.